தையில் நாற்று, மாசியில் நடவு: ஒரு செம்மண் தோட்டத்தின் பனிக்கால வேலைகள்

ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி வைக்கிறவர்களுக்கு வருடத்திலேயே நிதானமாக வேலை செய்யக் கிடைக்கிற காலம் தையும் மாசியும்தான். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும். கிணற்றில் தண்ணீர் நிற்கும். காலையில் வரப்பில் நடந்தால் கால் நனையும் அளவுக்குப் பனி இருக்கும், ஆனால் பத்து மணிக்கும் வெயில் உறைக்காது. சித்திரை, வைகாசியில் மார்க்கெட்டுக்கு எத்தனை பெட்டி போகும் என்பது பெரும்பாலும் இந்த நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது.

எங்களுடையது இரண்டரை ஏக்கர். செம்மண், கொஞ்சம் சரளை கலந்தது, கிணற்றுப் பாசனம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் தையில் நாற்று விட்டு, மாசி இருபது வாக்கில் நடுகிறோம். புதிதாகத் தோட்டம் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விதையைப் பற்றித்தான். எந்த ரகம், எந்தக் கடை, ஒட்டு விதையா நாட்டு விதையா என்று. மண்ணைப் பற்றிய கேள்வி நாற்று வளர்ந்து நிற்கும்போதுதான் வரும். அப்போது மண்ணுக்குச் செய்வதற்கு அதிகம் ஒன்றும் மிச்சம் இருக்காது. நாற்றுக்கு ஒரு மாதம் போதும், மண்ணுக்கு அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். அதனால் நடவுத் தேதியை முதலில் காலண்டரில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவதுதான் எங்கள் வழக்கம்.

அப்படி எண்ணினால் முதல் வேலை கார்த்திகையிலேயே வந்து நிற்கும். மழை ஈரத்தில் பாதி நிலத்துக்குப் பசுந்தாள் உரமாகச் சணப்பையும் தக்கைப்பூண்டும் கலந்து விதைத்துவிடுவோம். தக்கைப்பூண்டு மட்டும் என்றால் ஏக்கருக்கு இருபது கிலோ விதை, கலந்து போட்டால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். பகல் குறுகிய நாட்களில் இவை இரண்டுமே சீக்கிரம் பூத்துவிடும், ஆடியில் விதைத்ததைப் போல ஆளுயரம் வராது. அதற்காக இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விடக்கூடாது. முதல் பூ கண்ணில் பட்டதும் மடக்கி உழ வேண்டும். பூத்து முற்றினால் தண்டு நாராகிவிடும், நார் மக்குவதற்குள் நடவு நாள் வந்துவிடும்.

உழுவதற்கு முன்னால் நான் தவறாமல் செய்கிற ஒரு வேலை உண்டு. நான்கைந்து இடத்தில் மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தி, செடியை வேரோடு தூக்கி, மண்ணை உதறிப் பார்ப்பேன். வேரில் கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளி உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக, ஈர இறைச்சி நிறத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர் காற்றில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அந்த இடத்தில் அடுத்த முறை விதைக்கும்போது ரைசோபியம் என்ற அந்த நுண்ணுயிரை விதையோடு கலந்து விதைப்போம். மேலே செடி எவ்வளவு பசுமையாக இருந்தாலும் இதைப் பார்க்காமல் எனக்கு நிறைவு வராது.

தை முதல் வாரம் ரோட்டவேட்டரை விட்டு மடக்கிவிடுவோம். மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் ஒரு தண்ணீர் கட்டாயம் பாய்ச்ச வேண்டும். காய்ந்த மண்ணில் பசுந்தழை மக்காது, வெறுமனே காய்ந்து கிடக்கும். பனிக்காலத்தில் மண் குளிர்ந்திருப்பதால் மக்குவதற்கு வெயில் காலத்தைவிட அதிக நாள் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். பாதி மக்கிய மண்ணில் நாற்றை நட்டால் செடி வெளிறிப்போய் நிற்கும். தழையை மக்க வைக்கிற நுண்ணுயிர்களே மண்ணில் இருக்கிற தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் வருகிற வினை அது. மண்ணை அள்ளி மோந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் இன்னும் பொறுக்க வேண்டும். தண்டைக் கசக்கினால் நார் நாராகப் பிரியாமல் பொடிந்து, மழைபெய்த மண்ணின் வாசம் வந்தால் நடலாம்.

மீதிப் பாதியில் சோளம் அறுத்த தாள் நிற்கும். அங்கே ஆட்டுக்கிடை போடுவோம், அதாவது ஆட்டு மந்தையை இரவில் வலை கட்டி நிலத்திலேயே அடைப்போம். செம்மறி ஆட்டுக்கிடைக்கு நிகரான எரு எதுவும் இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம். புழுக்கை நிலத்தில் பரவலாக விழுகிறது, கூடவே கோமியமும் இறங்குகிறது. டிராக்டரில் எருவை ஏற்றி இறக்கி, ஆள் வைத்து இறைக்கிற செலவு இல்லை. எங்களுக்குக் கிடை போடுகிற கீதாரி (மந்தையை மேய்க்கிறவர்) நடுச்சாமத்தில் ஒருமுறை எழுந்து, ஆடுகளைக் கிளப்பி இடம் மாற்றிப் படுக்க வைப்பார். மறுநாள் வலையைப் பெயர்த்து அடுத்த பக்கம் கட்டுவார்.

அவர் சொல்லித்தான் ஒரு விஷயத்தில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். “தம்பி, ஆடு எந்திரிச்ச சூட்டோட உழுதுரணும். காய விட்டீங்கன்னா பாதிச் சத்து காத்துல போயிரும்” என்பார். கிடை எழுந்த இடத்தில் காலையில் மூக்கில் ஏறுகிற அந்த நெடி அமோனியா. நாம் மோந்து பார்ப்பது பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத்தான். அதனால் அன்றன்றைக்கே கொக்கிக் கலப்பையால் மேலாக ஓர் உழவு ஓட்டி மண்ணை மூடிவிடுவோம். கிடையில் ஒரு தொந்தரவும் உண்டு. ஆடுகள் சீமைக்கருவேல் நெற்றைத் தின்றுவிட்டு வரும், விதை செரிக்காமல் புழுக்கையோடு நிலத்தில் விழும். கிடை முடிந்த பிறகு ஒரு தண்ணீர் விட்டு, முளைப்பதை எல்லாம் முளைக்க விட்டு, அதன்பின் இன்னோர் உழவு ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மண் பரிசோதனைக்கு மண் எடுக்கவும் மழை முடிந்து எரு போடுவதற்கு முந்தைய நாட்களே தோது. கிடையோ எருவோ போட்ட பிறகு எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும். வரப்போரம், மரத்தடி, எருக்குழி கிடந்த இடம், வாய்க்கால் ஓரம் இவற்றைத் தவிர்த்து, ஏறுமாறாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவத்தில் குழி வெட்டி, இரண்டு பக்கச் சரிவிலும் மேலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மீண்டும் பிரித்து, கடைசியில் அரைக் கிலோ வருமாறு செய்து நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு விவரங்கள் கிடைக்கும். அதில் நான் முதலில் பார்ப்பது, மக்கிய தழை, எருவிலிருந்து மண்ணில் சேரும் அங்ககக் கரிமத்தை. 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நல்ல நிலை. எங்கள் பகுதிச் செம்மண் பெரும்பாலும் குறைவு என்ற கட்டத்தில்தான் இருக்கும். நம் வெயிலில் கரிமம் மண்ணில் தங்குவது கஷ்டம். ஒரு வருடம் நிறையப் போட்டுவிட்டு இரண்டு வருடம் சும்மா இருப்பதைவிட ஒவ்வொரு வருடமும் கொஞ்சமாவது சேர்ப்பதுதான் பலன் தருகிறது.

அட்டையில் துத்தநாகம் குறைவு என்று வந்தால் ஏக்கருக்குப் பத்துக் கிலோ சிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவலாம். சூப்பர் பாஸ்பேட், டிஏபி போன்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரங்களோடு மட்டும் அதைச் சேர்த்துப் போட வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும்.

சரி, நாற்றுக்கு வருகிறேன். நடவு மாசி இருபது என்றால் மிளகாய் நாற்றுக்கு நாற்பது நாள், கத்தரிக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து, தக்காளிக்கு இருபத்தைந்து. பனிக்காலத்தில் எல்லாவற்றுக்கும் ஐந்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஆக மிளகாய் தை ஐந்துக்குள், தக்காளி தை இருபதில். மூன்றையும் ஒரே நாளில் விதைத்தால் தக்காளி, நாற்று வளர்க்கிற குழித்தட்டிலேயே முற்றி, வேர் சுருண்டு போயிருக்கும்போது மிளகாய் இன்னும் நான்கு இலையில் நிற்கும்.

இதில் பலரும் மறக்கிற ஒன்று செண்டுமல்லி. தக்காளியில் காய்ப்புழுவைக் குறைக்கப் பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடுவது பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன முறை. தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுப் பூவில் முட்டையிடப் போகும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். அதற்கு நடும்போது செண்டுமல்லி நாற்றுக்கு நாற்பத்தைந்து நாள், தக்காளி நாற்றுக்கு இருபத்தைந்து நாள் வயது இருக்க வேண்டும். அதாவது வருடத்தின் முதல் விதைப்பு மார்கழிக் கடைசியில் செண்டுமல்லியாகத்தான் இருக்க வேண்டும். நெட்டையாக வளரும் ரகமே இதற்கு ஆகும். அதேபோல வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளத்தையும் தையிலேயே ஊன்றிவிட்டால், நடவு நேரத்தில் வெள்ளை ஈயைத் தடுக்கிற வேலியாக நிற்கும்.

விதை சொந்தமாக எடுத்ததோ கடையில் வாங்கியதோ, முளைப்புத்திறன் பார்க்காமல் தட்டில் போடுவதில்லை. ஈரத்துணியில் ஐம்பது விதையைப் பரப்பிச் சுருட்டி, அடுப்படியில் கதகதப்பான இடத்தில் வைத்தால் தெரிந்துவிடும். சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்பு தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், மிளகாய்க்கு 60. மிளகாய்க்கு 60 போதும் என்கிறபோது, தொண்ணூற்றெட்டுக் குழித் தட்டில் ஐம்பத்தொன்பது நாற்றுதான் நிச்சயம். அதற்கேற்ப ஓரிரு தட்டு கூடுதலாகப் போட வேண்டும். பழைய மிளகாய் விதையை நம்பவே வேண்டாம், ஒரு வருடம் தாண்டினாலே முளைப்பு இறங்கத் தொடங்கும்.

விதை நேர்த்திக்குக் கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா 10 கிராம் என்பது அளவு. நம்மிடம் இருப்பது பத்து கிராம் விதைப் பொட்டலம் என்பதால் ஒரு சிட்டிகையே தாராளம். வடித்த கஞ்சி இரண்டு சொட்டு விட்டுப் புரட்டி நிழலில் உலர்த்தினால் போதும். கடையில் வாங்கும் ஒட்டு விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறி இருந்தால், அதில் ஏற்கெனவே பூஞ்சாணக்கொல்லி பூசியிருக்க வாய்ப்பு அதிகம். அதன்மேல் டிரைக்கோடெர்மாவைத் தடவினால் அது செத்துப்போகும். அப்போது அதைத் தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவில் கலந்துவிடுங்கள்.

நார்க்கழிவு ஐந்து கிலோ கட்டியாகக் கிடைக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் உப்பு அதிகமாக இருக்கும், நாற்றின் இலை நுனி கருகும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்து, இன்னும் ஒரு முறையாவது அலச வேண்டும். கழுவியது என்று சொல்லி விற்பதையும் நாங்கள் ஒருமுறை அலசிவிடுகிறோம். ஒரு தட்டுக்குச் சுமார் 1.2 கிலோ பிடிக்கும். முந்நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கு, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்கள் தலா ஒரு கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. நம் தேவைக்கு அதை வகுத்துக்கொள்ளலாம். கையில் பிடித்து இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக்கூடாது. அந்தப் பதத்தில் குழிகளை நிரப்பி, இன்னொரு காலித் தட்டை மேலே வைத்து அமுக்கினால் எல்லாக் குழியிலும் ஒரே ஆழத்தில் பள்ளம் விழும். குழிக்கு ஒரு விதை. மேலே லேசாக மூடி, பூவாளியால் தண்ணீர்.

அடுத்தது பனிக்காலத்துக்கே உரிய கவனம். தக்காளி, மிளகாய் விதைகளுக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால்தான் முளைப்பு சுறுசுறுப்பாக இருக்கும். தை இரவுகளில் எங்கள் பக்கம் அதற்கு வெகுவாகக் கீழே போகிறது. அதனால் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் முழுக்க மூடிவிடுவோம். உள்ளே கதகதப்பு நிற்கும். ஆனால் ஒவ்வொரு காலையும் திறந்து பார்க்க வேண்டும். அடுக்கைப் பிரித்து விளிம்போரக் குழிகளைக் குனிந்து பார்த்தால், மேல்மண்ணை முட்டிக்கொண்டு வெள்ளைத் தண்டு வளைந்து தெரியும். தலை இன்னும் உள்ளேயே இருக்கும், வளைவு மட்டும் வெளியே. அதுதான் பிரிக்கிற நேரம். அன்றைக்கே வெளிச்சத்தில் பரப்ப வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் தண்டு வெள்ளையாக நீண்டு கம்பியாகிவிடும், அந்த நாற்று பிறகு எவ்வளவு பார்த்தாலும் திடமாகாது. தக்காளி ஐந்தாறு நாளில் இந்த நிலைக்கு வரும், மிளகாய் பத்து நாளும் தாண்டும். ஆகவே இரண்டையும் ஒரே அடுக்கில் வைக்கவே கூடாது.

பரப்பிய பிறகு நிழல்வலை அவசரம் இல்லை என்பது என் கருத்து. தை வெயில் நாற்றுக்கு நல்லது. மாசி பிறந்து உச்சி வெயில் சுடத் தொடங்கும்போது பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை நிழல் கொடுத்தால் போதும். நாள் முழுக்க வலைக்குள் இருந்த நாற்று வயலில் நட்டதும் துவண்டு விழுகிறது. பூச்சி வலையில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். குளிர் குறையக் குறைய வெள்ளை ஈ பெருகும், தக்காளியில் இலைச்சுருட்டை நச்சுயிரி அதன் வழியாகத்தான் பரவுகிறது. நாற்றங்காலிலேயே தொற்றிய செடி காய்க்காது. நாற்பது, ஐம்பது மெஷ் நைலான் வலையை நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் கட்டுங்கள்.

தண்ணீர் காலை ஒன்பது மணிக்கு மேல், இலையில் பனி காய்ந்த பிறகு. மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நிற்கும், நாற்றழுகல் வரும். தரைமட்டத்தில் தண்டு வெந்நீர் பட்டதுபோல் நீர்கோத்து நூலாகச் சுருங்கி, நேற்று நின்ற நாற்று இன்று படுத்திருந்தால் அதுதான். ஒரு தட்டில் கண்டதும் அதை அப்புறப்படுத்திவிட்டு, மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறைத்து, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து வேரில் ஊற்றலாம். இயற்கை முறைக்காரர்கள் சூடோமோனாஸ் ஊற்றுகிறார்கள். முன்கூட்டியே ஊற்றி வந்தால் அது நன்றாகக் கேட்கிறது, நோய் வந்த பிறகு அதன் கை ஓங்குவதில்லை.

நாற்று வளர்கிற இந்த நாட்களில் எருவைத் தயார் செய்துகொள்ளலாம். எருக்குழியில் மேலாகக் கிடக்கும் மக்காத சாணத்தை அப்படியே வயலில் கொட்டினால் வெள்ளை வெள்ளையாகப் புழுக்களும் களை விதையும் சேர்ந்து போகும். அடியில் மக்கிக் கறுத்து, வாடை இல்லாமல் இருப்பதை மட்டும் எடுத்து, ஐம்பது கிலோவுக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா கலந்து, ஈரச் சாக்கு போட்டு மூடி நிழலில் பதினைந்து நாள் வையுங்கள். மேலே வெண்ணிறமாகவும் பிறகு பச்சையாகவும் பூத்துக்கொண்டு வரும். கடைசி உழவில் இதையும் ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம் பிண்ணாக்கையும் சேர்த்து, நாற்று நடுவதற்கான மேட்டு வரிசைகளை, அதாவது பாரை, அமைக்கலாம்.

குளத்து வண்டல் மண் வேண்டுமென்றால் அதற்கான மனுவையும் மாசியிலேயே கொடுத்துவிடுங்கள். குளம் வற்றுவது பங்குனி, சித்திரையில்தான், ஆனால் அனுமதி வாங்க நாள் பிடிக்கும். விவசாயத்துக்கு இலவசம், 2024-இலிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். சரளைச் செம்மண்ணுக்கு வண்டல் விழுந்தால் தண்ணீர் பிடிக்கும் தன்மை கண்கூடாக மாறும். ஊர்ச் சாக்கடை விழுகிற குளமாக இருந்தாலோ, காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ வேண்டாம். அடித்ததும் உழக்கூடாது. கட்டியாகக் கிடந்து கோடை வெயிலும் ஒரு மழையும் பட்டு உதிர்ந்த பிறகு உழுதால்தான் மண்ணோடு கலக்கும். ஆக, அது ஆடிப்பட்டத்துக்கான வேலை.

நடவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தண்ணீரைக் குறைத்து, வலையைத் திறந்து வைத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்குகிறோம். முந்தின நாள் பாருக்குத் தண்ணீர் விட்டு ஈரப்படுத்தி, சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் நடுகிறோம். வேர்க்கட்டி உடையாமல் குழியிலிருந்து வர வேண்டும், அதற்குத் தட்டின் அடியில் விரலால் தட்டினால் போதும், தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். உயிர்த் தண்ணீர் காய்ந்து மண் பதமானதும் சோளத்தட்டையையும் தென்னை ஓலையையும் மூடாக்காகப் போடுகிறோம், தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி. கரையான் அதிகம் உள்ள இடமானால் காய்ந்த தட்டையை ஒரே கனமாகப் போடாமல், மெல்லியதாகப் பரப்பி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கிறோம்.

ஒவ்வொரு பயிரிலும் ஒரு தட்டு நாற்றை நடாமல் வலைக்குள்ளேயே வைத்திருங்கள். ஏழு முதல் பத்து நாளுக்குள் விழுந்த இடத்தில் பாடு நிரப்ப அதே வயது நாற்று வேண்டும். அதற்குப் பிறகு நிரப்பினால் பக்கத்துச் செடிகளின் நிழலில் அது தேறாது, மிஞ்சிய நாற்றைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுத்துவிடலாம்.